சுண்டலுக்குத் தேங்காய் போடும் நேரம்

மதினியிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது 2022 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம். கடையநல்லூரில் சாரல் பிடித்து, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத சமயம். எந்த வழியிலும் அவர் எனக்கு மதினி முறை கிடையாது. தெருவே அப்படிக் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். ஒரு தனியார் பள்ளிக்கு இன்டர்வெல் நேரத்துச் சுண்டலும் மதியத்துக்குச் சாத வகைகளும் அவர் வீட்டுப் பின்கட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தன. வீட்டில் எட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்டவள் நான். நானூறு பிள்ளைகளுக்கு ஆக்குவதென்றால் எட்டை ஐம்பதால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்துப் போனேன்.

முதல் பத்து நாள் அடுப்புப் பக்கமே விடவில்லை. "ஏளா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா" என்றார். சாப்பாட்டைத் தொடுகிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை செய்து சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அதை வாங்கி வந்து நீட்டினேன். வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, "இப்ப கையக் காட்டு" என்று நகத்தைப் பார்த்தார். சர்டிபிகேட் வருடத்துக்கு ஒன்று, நகம் தினமும். அவரிடம் இருந்தவரை ஒரு நாளும் இது தவறியதில்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை சுண்டல் முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். பத்துக் கிலோ கொண்டைக்கடலை. காலையில் அவசரப்படக் கூடாதென்று முந்தின ராத்திரியே தேங்காயைத் துருவி, பாத்திரத்தில் மூடி வெளியிலேயே வைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அப்போது தோன்றியது. விடிந்ததும் தாளித்துக் கொட்டி, துருவலைக் கலந்து, வெந்த சூட்டோடு டிரம்மில் அள்ளி மூடிவிட்டேன். வண்டி கிளம்புமுன் மதினி மூடியைத் திறந்தார். கரண்டியால் ஒரு கிண்டு கிண்டித் தூக்கினார். கடலைக்கும் கரண்டிக்கும் நடுவே மெல்லிய இழை ஒன்று நீண்டது.

"நெசவுத் தெருல்லா, நூலு நல்லாத்தான் வருது. தறியப் போட்டுருவமா?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்துக் கிலோவும் கொல்லைக் குழிக்குப் போனது. பிள்ளைகளுக்கு அன்று வாழைப்பழம். அந்தக் காசை என் சம்பளத்தில் பிடித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும், பிடிக்கவில்லை. மறுநாள் முதல் தேங்காயை விடிந்த பிறகுதான் உடைத்தோம். துருவல் தனித் தூக்கில் பள்ளிக்கூடம் வரை போகும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அதைக் கலப்போம்.

பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை நடத்தும் ஒரு நாள் பயிற்சிக்குப் போனபோது, சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது என்று பாடம் எடுத்தார்கள். நடுவில் இருக்கும் சூட்டில்தான் கிருமி பெருகும் என்றார்கள். எனக்கு அந்த இழை கண்ணில் வந்தது. மதினியிடம் வந்து சொன்னேன். "மூடியத் தெறந்தா ஆவி மூஞ்சில அடிக்கணும், அவ்வளவுதான? அதுக்கு ஒரு நாள் லீவா?" என்றார். ஆனாலும் அடுத்த வாரமே தென்காசியில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிட்டார்.

லைசென்ஸ் விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. மதினிக்கு வயதாகிவிட்டது, பள்ளிக்கூடப் பக்கத்தை நீயே எடுத்து நடத்து என்றார். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு, அதற்கு மேல் போனால் உரிமம் என்பது அன்றைய கணக்கு. பதிவுக்கு அப்போது வருடத்துக்கு 100 ரூபாய். ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்ட முடிந்தது. 500 ரூபாயோடு பதிவுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் உட்கார்ந்தேன். கேட்டரிங் என்று போட்டு, மதினி வீட்டு முகவரியைக் கொடுத்து, பதினான்கு இலக்க எண்ணும் வாங்கியாயிற்று. கண்ணாடிச் சட்டம் போட்டுப் பள்ளி கேன்டீனில் மாட்டினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இது அங்க சமைக்கிறதுக்கும்மா. இங்க விக்கிறதுக்கு எங்க?" என்றார். ஆளுக்கு ஒரு பதிவு என்று நான் நினைத்திருந்தேன். இடத்துக்கு ஒரு பதிவு என்பதுதான் சட்டம். சமைக்கிற கட்டு ஒன்று, விற்கிற கேன்டீன் ஒன்று. போதாததற்கு, வளாகத்துக்குள் விற்றாலோ சமைத்தாலோ பள்ளி நிர்வாகத்துக்கும் பதிவு உண்டு. ஒப்பந்தக்காரர் எடுத்துவிட்டார் என்று அவர்கள் கைகழுவ முடியாது. அன்று பள்ளி அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுதப்போவதில்லை.

காசு ஆசையும் ஒரு தடவை வந்தது. சாயங்காலம் பள்ளி வாசலில் பஜ்ஜிக் கடை போடலாமா என்று கேட்டேன். பள்ளிப் பிள்ளைகள் உணவுக்கென்றே மத்திய அரசு 2020 செப்டம்பரில் விதிமுறை வெளியிட்டு, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியைப் பள்ளிக்குள்ளும் விற்கக் கூடாது, வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. மதினிக்கு மீட்டர் கணக்கு சேலையில்தான் வரும். "ஒம்போது சேலையும் ஒரு மொழமும் தள்ளிப் போடு" என்றார். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்பது, மேலே ஒரு முழம். போட்டுப் பார்த்தால் கணக்கு கச்சிதம். அந்தத் தூரத்தில் பஸ் நிறுத்தம் வந்தது. ஆசையை விட்டேன். அந்த எல்லைக்குள் மிக்சரும் கலர் தண்ணீரும் விற்கிற பெட்டிக்கடைகள் இன்றும் எந்த ஊரில்தான் இல்லை என்பது வேறு கதை.

பினாயில், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து எல்லாம் மதினி வீட்டில் திண்ணை அலமாரியில் பூட்டி இருக்கும். சாவி அவர் இடுப்பில். காலி மருந்து டப்பா எதுவும் வீட்டுக்குள் தங்கக் கூடாது. அளவுக்கு மீறிய பயம் என்று நினைத்துக் கேட்டேவிட்டேன். பீகாரில் 2013 ஜூலை 16 அன்று கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்ததைச் சொன்னார். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் வெந்துபோன தீயும் சத்துணவுச் சமையல்கட்டுக் கூரையில்தான் பிடித்தது. அது 2004 ஜூலை 16. இரண்டும் ஒரே தேதி என்பதை நானாகக் கவனித்தது வெகுநாள் கழித்து.

2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, எங்கள் தெருவில் சுய உதவிக் குழுப் பெண் ஒருத்தி சமையலுக்குப் போனாள். சமைக்கிறவளின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. நான் படித்துத் தலை கிறுகிறுத்த அத்தனை விதிகளிலும் கெட்டியான விதி அதுதான் என்பேன். மதினிக்கும் அது பிடித்துப்போயிற்று; எங்கள் தனியார் பள்ளிக்கு அப்படி ஒன்று கிடையாதே என்று குறைப்பட்டார்.

அவர் வைத்திருந்த ஏற்பாடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அன்றன்று போகும் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, தேதி எழுதிய டேப் ஒட்டி, ஃபிரிட்ஜின் மேல்தட்டில். ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து போன். இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. எனக்குக் கை நடுங்கியது. மதினி டப்பாவை எடுத்து என் மடியில் வைத்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. எதயும் மறைக்காத" என்றார். அங்கே போனால், அந்த இருவரும் எங்கள் சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று தெரிந்தது. பிறந்தநாள் என்று யாரோ கொண்டுவந்த கேக்.

டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். மதினி வாங்கி, மறுபடி மேல்தட்டில் வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதைக் கொட்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். அன்றைக்கு எலுமிச்சைச் சாதம்.