பின்னாலிருந்து தள்ளும் ரயில்

"எனக்கெதுக்கம்மா மலையும் குளிரும்?" சுந்தரபாண்டியத்திலிருந்து கிளம்பும்போதே அப்பா முரண்டு பிடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ஓடிய கரிவண்டியில் ஃபயர்மேனாக இருந்தவர். அம்மா போன பிறகு வாயே திறப்பதில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சினைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்! இங்கே எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்வரிசையைப் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. அவற்றுக்கு உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும்? திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே மாதிரிப் புது எஞ்சின்களையே செய்துவிட்டார்கள்! அன்றாடப் பராமரிப்பு குன்னூர் ஷெட்டில்.

(வெள்ளைச் சட்டை வேண்டாம், புகை படியும். குழந்தையின் ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும்.)

வழியில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. அப்பா இறங்கிப் போய்க் காது கொடுத்துக் கேட்டார். "நல்லா மூச்சு விடுதும்மா" என்றார்.

குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டினார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஊட்டி போய்ச் சேரும்வரை என் பையனுக்குக் கொதிகலன் பாடம்தான்!