முள்ளைத் தள்ளினா வண்டி ஓடுமா?

உங்க அப்பாவோட பிளட் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? அதுல எல்.டி.எல். கெட்ட கொழுப்பு, ஹெச்.டி.எல். நல்ல கொழுப்பு. நல்லது அதிகமா இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் கம்மி. அப்போ மாத்திரை போட்டு அதை ஏத்திட்டா மேட்டர் ஓவர்தானே?

ஃபைஸர் கம்பெனியும் அப்படித்தான் நினைச்சது. ரத்தத்துல சி.இ.டி.பி.னு ஒரு புரோட்டீன் இருக்கு. நல்ல கொழுப்புகிட்ட இருக்கற கொலஸ்ட்ராலை கெட்ட கொழுப்புக்குக் கைமாத்தி விடறதுதான் அதோட வேலை. அந்தக் கையைக் கட்டிப் போடத்தான் டார்செட்ரபிப். சுமார் 15,000 பேர்கிட்ட சோதனை. ஹெச்.டி.எல். 72 சதவிகிதம் எகிறுச்சு, எல்.டி.எல். 25 சதவிகிதம் இறங்குச்சு. ரிப்போர்ட் செம சூப்பர்! ஆனா, அதைச் சாப்பிட்டவங்கள்ல 93 பேர் இறந்துட்டாங்க. வழக்கமான மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்க பக்கம் 59. 2006 டிசம்பர்ல சோதனைக்கே பூட்டு!

'அந்த மருந்து பிபியை ஏத்துது, அதான் பிரச்னை'னு மத்த கம்பெனிகள் விடலை. ரோஷ் 2012-ல கைவிட்டது. எலி லில்லி மருந்து ஹெச்.டி.எல்.லை 130 சதவிகிதம் ஏத்தியும் ஹார்ட் அட்டாக் குறையலை. 2015-ல அதுவும் காலி. 2017-ல மெர்க் மருந்து மட்டும் கொஞ்சம் பலன் காட்டுச்சு. அதுவும் கெட்டது குறைஞ்சதாலதான்னு சொல்றாங்க. கடைசியில அதுவும் மார்க்கெட்டுக்கு வரலை.

நம்ம பாஷையில சொன்னா, ஸ்பீடோமீட்டர் முள்ளைக் கையால தள்ளினா பைக் ஓடாது மச்சி!

எங்க அப்பாவுக்கு ஹெச்.டி.எல். 32. 'இதை ஏத்த மாத்திரை இல்லையாடா?'ன்னு கேட்டார். இந்தக் கதையை முழுசா சொன்னேன். 'அப்போ நான் என்னதான் பண்றது?'ன்னார். கெட்டதைக் குறைக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க, சிகரெட்டை நிறுத்துங்கன்னேன். முதலாவதுக்குத் தலையாட்டினார். ரெண்டாவதுக்கு முறைச்சார்.

உங்க வீட்லயும் கேட்டுப் பாருங்க. முறைச்சாலும் பரவாயில்லை!