விமானம் ஏன் குரைக்கிறது? - மீனம்பாக்கம் ஹேங்கரில் ஒரு ராத்திரி!

விமானத்தில் போனவர்கள் பலரும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். சீட் பெல்ட் போட்டாச்சு, கதவைச் சாத்தியாச்சு, எஞ்சின் ஓட ஆரம்பிக்கிறது. அப்போது காலுக்குக் கீழே இருந்து ‘வவ்… வவ்… வவ்…’ என்று வரும். யாரோ நாயை லக்கேஜோடு ஏற்றிவிட்டார்களோ என்று தோன்றும். சிலருக்கு ரம்பத்தால் மரம் அறுப்பது போலக் கேட்கும். போன முறை நான் ஊருக்குப் போனபோது பக்கத்து சீட் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, அடியில ஏதோ கழண்டு போச்சு போலயே?” என்றார். “ஒண்ணும் இல்ல பாட்டி” என்று சொல்லி வைத்தேன். எனக்கும் பயம்தான்.

அந்தக் குரைப்புக்குப் பதில் தேடித்தான் ஒரு ராத்திரி மீனம்பாக்கம் போனேன். திரும்பி வரும்போது வேறு ஒன்றும் கையோடு வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹேங்கருக்குள் போக அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது. கம்பெனி பெயர் கூடாது, ஆட்கள் பெயர் கூடாது, போட்டோ கூடாது. மூன்று ‘கூடாது’களுக்கும் தலையாட்டிய பிறகுதான் பாஸ் கிடைத்தது. மின்சார ரயிலில் திரிசூலம் இறங்கியபோது ராத்திரி பத்தரை. பின்னால் இருட்டில் திரிசூலம் மலை, முன்னால் ஜி.எஸ்.டி. சாலை, அதற்கு அந்தப் பக்கம் விமான நிலையத்தின் வெளிச்சம். நாம் எப்போதும் பார்க்கிற, பெட்டியும் கையுமாக ஆட்கள் ஓடுகிற விமான நிலையம் வேறு. ஹேங்கர் பக்கம் வேறு. இங்கே அறிவிப்பு இல்லை, ஏ.சி. இல்லை. கல்யாண மண்டபம் பத்தை ஒன்றாகச் சேர்த்தது போல ஒரு கொட்டகை. நடுவில் ஓர் ஏர்பஸ் ஏ320. கூரையிலிருந்து வெள்ளை வெளிச்சம். மூலையில் ஒரு ரேடியோவில் பழைய பாட்டு.

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த ராத்திரிக்குப் பொறுப்பான எஞ்சினியர் பல்லாவரத்துக்காரர். முப்பது வருஷ சர்வீஸ். அவருக்குக் கீழே நான்கு டெக்னீசியன்கள். அதில் ஒருத்தர் காரைக்குடிப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். பார்த்த அஞ்சாவது நிமிஷமே என்னை ‘அக்கா’ ஆக்கிவிட்டாள்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா” என்றார் எஞ்சினியர். “எங்கேயாவது ஈரமா ஊதா கலர்ல ஏதாவது தெரிஞ்சா, விரலை வச்சுத் தொட்டுப் பார்க்கக் கூடாது. என்ன?”

சரி என்றேன். ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

விமானத்தின் ரத்தம்

விமானத்தின் சக்கரத்தை மடக்குவது, பிரேக் போடுவது, இறக்கையின் ஓரத்தில் விரியும் ஃபிளாப்பை நீட்டுவது, வால் பகுதியைத் திருப்புவது என எதையும் மனிதக் கை பலத்தால் செய்ய முடியாது. இறங்கும்போது 60 டன்னுக்கு மேல் எடை இருக்கலாம். அதனால் பைப்புக்குள் எண்ணெயை அழுத்தி, அந்த அழுத்தத்தை வைத்து வேலை வாங்குகிறார்கள். இதுதான் ஹைட்ராலிக். நம் தெருவில் ஜே.சி.பி.யின் கை தூக்குவதும் இதே வித்தைதான்.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயருக்குக் காற்று பிடிக்கும்போது 30, 33 என்று சொல்கிறோம் இல்லையா, அதே கணக்கில் ஏ320-ல் 3,000 பி.எஸ்.ஐ. பெரிய ஏ380-ல் 5,000. கிட்டத்தட்ட நூறு கார் டயர் அழுத்தம், விரல் தடிமன் பைப்புக்குள்.

உள்ளே ஓடுவது சாதாரண எண்ணெய் இல்லை. எளிதில் தீப்பிடிக்காத பாஸ்பேட் எஸ்டர் வகை. ‘ஸ்கைட்ரால்’ என்ற பெயரில்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். நாவல்பழச் சாற்றில் தண்ணீர் கலந்தது மாதிரி ஊதா நிறம். பெயின்ட்டைத் தின்றுவிடும், தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். காரைக்குடிப் பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கையுறை கழற்றிய கையோடு கண்ணைக் கசக்கிவிட்டாளாம். “மிளகாய் அரைச்ச கையால கசக்கினா எப்படி இருக்கும்? அது மாதிரி பத்து மடங்குக்கா!”

ஏ320-ல் இப்படி மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள். பச்சை, நீலம், மஞ்சள் என்று பெயர். ஒன்றின் எண்ணெய் இன்னொன்றுக்குள் போகாது. ஒன்று போனால் மற்ற இரண்டை வைத்துப் பறக்கலாம், இறங்கலாம். பச்சைக்கு ஓர் எஞ்சினிலிருந்து பம்ப், மஞ்சளுக்கு இன்னோர் எஞ்சினிலிருந்து பம்ப், நீலத்துக்கு மின்சார பம்ப். எல்லாம் கைவிட்டால் விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி வெளியே விழும். எதிர்க்காற்றில் சுழன்று நீலத்துக்கு அழுத்தம் கொடுக்கும்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கருவி இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால், மறு பக்கத்தின் பலத்தை மட்டும் இந்தப் பக்கம் கடத்தும். எண்ணெயைக் கடத்தாது. எஞ்சின்களை இயக்கும்போதும், ஒரே எஞ்சினில் ஊர்ந்து போகும்போதும் அது விட்டுவிட்டு ஓடும். பாட்டி, அதுதான் அந்த ‘வவ் வவ்’! எதுவும் கழண்டு போகவில்லை. கைகொடுக்க ஆள் இருக்கிறது என்று விமானம் சொல்லும் சத்தம்.

டார்ச், கண்ணாடி, துணி

ஹேங்கர் என்றால் கம்ப்யூட்டர், ஸ்கேனர் என்று கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். வேலை ஆரம்பித்தபோது கையில் எடுத்தவை: ஒரு டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற நீளக் காம்புக் கண்ணாடி, மடித்த வெள்ளைத் துணி. அவ்வளவுதான்.

சக்கரம் மடங்கி உட்காரும் குழிக்குள் ஏறுவதற்கு முன்னால், அதன் கதவைத் தாங்கும் தண்டில் ஒரு பாதுகாப்பு வளையத்தை மாட்டினார்கள். மாட்டாமல் யாரும் தலையை நீட்டுவதில்லை. அழுத்தம் வந்து கதவு மூடினால் நடுவில் இருக்கும் ஆளுக்கு நேரமே கிடைக்காது.

உள்ளே பார்த்தால் தலை சுற்றுகிறது. பழைய வீட்டுச் சமையலறைச் சுவரில் மோட்டார் பைப், கேஸ் பைப், வயர் எல்லாம் ஓடுமே, அதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் ஒவ்வொரு பைப்பாக டார்ச் அடித்துக்கொண்டே போனாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“உரசல்க்கா. பைப் எதோடயும் உரசக் கூடாது. பறக்கும்போது எல்லாம் அதிரும் இல்ல? ஒரு கிளாம்ப்போட ரப்பர் தேஞ்சா போதும், இரும்பு பைப்பை அறுக்க ஆரம்பிச்சிரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா.”

வளையும் ரப்பர் ஹோஸ்களில் நீளவாக்கில் ஒரு கோடு அச்சிட்டிருக்கும். அது நேராக ஓட வேண்டும். பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கிய நிலையில் மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் ஏறும்போது அது நிமிரப் பார்க்கும், இணைப்பு தளரும். இறுக்கி இழுத்தும் மாட்டக் கூடாது. அழுத்தத்தில் ஹோஸின் நீளமே மாறும் என்பதால் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். உலோகப் பைப்பில் கீறல் இருந்தால் ஆழம் பார்க்கிறார்கள். பொதுவான கையேட்டுக் கணக்குப்படி பைப் சுவரின் தடிமனில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பைப் வளையும் இடத்தில் என்றால் அந்தச் சலுகையும் கிடையாது.

ஃபில்டரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அடைப்பு வந்தால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது ஜிகினா மாதிரி உலோகத் துகள் மின்னினால், பம்ப் உள்ளுக்குள் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். எண்ணெயையும் எடுத்து லேபுக்கு அனுப்புவதுண்டு. தண்ணீர் கலந்திருக்கிறதா, அமிலம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு ரத்தப் பரிசோதனை எடுப்பது போலத்தான்.

“நம்ம ஊர் உப்புக் காத்து வேற” என்றார் எஞ்சினியர். கடல் அதிக தூரமில்லை. அடையாறும் பக்கத்திலேயே. இங்கே இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே பாலம் கட்டித்தான் ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஏறி, விமான நிலையத்தையே மூடி, 6-ம் தேதிதான் திறந்தார்கள். தண்ணீர் நின்ற இடங்களில் எல்லாம் துருவைத் தேடித் தேடி அலைந்த கதையை அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டே கால் மணி

இடது பக்கச் சக்கரத்துக்குப் பின்னால், பிரேக்குக்குப் போகும் ஒரு ஹோஸின் அடியில் அந்தப் பெண்ணின் டார்ச் நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பளபளப்பு. துணியால் ஒற்றினாள். லேசான ஊதா.

அது பழைய கறையாக இருக்கலாம். எப்போதோ சிந்தியதாக இருக்கலாம். அதனால் முதலில் சுத்தமாகத் துடைத்தார்கள். பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அழுத்தம் ஏற்றினார்கள். காக்பிட்டில் ஒருவர். கீழே ஹெட்செட்டோடு எஞ்சினியர். “பிரேக் போடு… பிடி… விடு… மறுபடி போடு.”

கையை வைத்துத் தேடக் கூடாது என்று அவர் சொன்னது இதற்குத்தான். ஊசிமுனை ஓட்டையிலிருந்து 3,000 பி.எஸ்.ஐ.யில் வரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக் கடி மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும். ஆனால், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரலாம். அதனால் அட்டைத் துண்டை நீட்டித்தான் தேடுவார்கள்.

அட்டை தேவைப்படவில்லை. துடைத்த இடம் மறுபடி மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது.

எந்த இணைப்பில் நிமிடத்துக்கு எத்தனை துளி வரை அனுமதி என்று பராமரிப்புக் கையேட்டில் இருக்கிறது. சில இடங்களில் லேசான கசிவோடு பறக்கலாம். ஆனால், இது இணைப்பில் வரவில்லை. ஹோஸின் உடம்பிலேயே, கிளாம்ப் உரசிய இடத்திலிருந்து வந்தது. எஞ்சினியர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “மாத்திடுவோம்.”

காலை 5.50-க்கு அந்த விமானம் கிளம்ப வேண்டும். ஸ்டோரிலிருந்து ஹோஸ் வர வேண்டும், பார்ட் நம்பர் பார்க்க வேண்டும், மாட்ட வேண்டும், பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், மறுபடி அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். மூன்றரைக்கு ஒருமுறை, நாலேகாலுக்கு ஒருமுறை யாரோ போனில் கேட்டார்கள், எத்தனை மணிக்குத் தருவீங்க என்று. “முடிஞ்சதும் சொல்றேன் சார்.” இரண்டு முறையும் அதே பதில், அதே குரல்.

இடையில் அவரிடம் கேட்டேன், ஒரு துளிக்கு இவ்வளவா? அவர் அமெரிக்காவின் சூ சிட்டி பற்றிச் சொன்னார். 1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன டிசி-10 விமானத்தில் வால் எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்தது. தனித்தனியாக மூன்று ஹைட்ராலிக் இருந்தும், மூன்றின் பைப்களும் வாலில் பக்கத்துப் பக்கத்தில் ஓடியதால் மூன்றும் அறுந்தன. ஸ்டீயரிங் செத்துப்போன விமானத்தை, மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 112 பேர் இறந்தார்கள். அந்தத் தட்டில் விரிசல் முன்பே இருந்தது. எஞ்சினைப் பிரித்துச் சோதித்தபோது அது கண்ணில் படாமல் போயிருந்தது.

“பார்த்தாங்க, ஆனா தெரியலை. அதாம்மா எனக்குப் பயம்” என்றார். அந்த விபத்துக்குப் பிறகு அவ்வகை விமானங்களில், வால் பக்கம் அறுந்தாலும் ஒரு அமைப்பின் எண்ணெய் முழுக்க வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு சேர்க்கப்பட்டது.

பிறகு சிரித்துக்கொண்டே, “இப்ப இது லேட்டாகும். ‘தொழில்நுட்பக் கோளாறு, பயணிகள் அவதி’ன்னு நீங்கதான் போடுவீங்க” என்றார்.

நான் சிரிக்கவில்லை. போன டிசம்பரில் அப்படி ஒரு தலைப்பு நான் வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத் தாமதம். பயணிகள் கத்திய வீடியோவோடு போட்டோம். நன்றாக ஓடியது. என்ன கோளாறு, யார் கண்டுபிடித்தது என்று நான் கேட்கவே இல்லை.

ஐந்து ஐம்பது தாண்டி, ஆறு பத்துக்கு வேலை முடிந்தது. துடைத்த இடம் துடைத்தபடியே காய்ந்து இருந்தது. டூல் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் பள்ளத்தில் இருக்கிறதா என்று எண்ணினார்கள். எண்ணி முடித்த பிறகுதான் எஞ்சினியர் லைசென்ஸ் நம்பரோடு கையெழுத்துப் போட்டார். காரைக்குடிப் பெண் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செல்போன் திரும்பக் கைக்கு வந்தது. டெஸ்க் குரூப்பில் மெசேஜ் காத்திருந்தது: ‘ஏர்போர்ட் பக்கம்தான இருக்க? காலை ஃபிளைட் லேட்டாம், பயணிகள் வாக்குவாதம். நாலு பாரா தட்டு.’

‘ஹோஸ் மாத்தினாங்க’ என்று டைப் செய்தேன். அழித்தேன். சொல்லக் கூடாது என்று தலையாட்டியிருக்கிறேனே. ‘பாதுகாப்புச் சோதனையில் கண்டறியப்பட்ட பழுது சரிசெய்யப்பட்டதால் தாமதம்’ என்று எழுதி அனுப்பினேன். ‘இதை யாரு கிளிக் பண்ணுவா?’ என்று பதில் வந்தது. நான் பதில் போடவில்லை.

திரிசூலம் பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஏ320 கிளம்பி மேலே ஏறியது. அதே விமானம்தானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. சக்கரங்கள் ஒவ்வொன்றாக மடங்கி உள்ளே போயின. கதவு மூடியது.