வெளியே போகும் சீட்டு

கொல்கத்தாவில் சீட்டுக்கட்டைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் குறைவு. புறநகர் ரயிலில் நான்கு பேர் முழங்கால்கள் மேல் ஒரு செய்தித்தாளை விரித்தால், அடுத்த நிலையம் வருவதற்குள் ‘ட்வென்டி நைன்’ களைகட்டிவிடும். ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிதான் அங்கே பெரிய ஆள். ஏழுக்குக் கீழே உள்ளவற்றுக்கு ஆட்டத்தில் இடமில்லை, ஆனாலும் வேலை உண்டு: ஆறுகள் கணக்கு வைக்கும், மற்றவை துருப்பைக் குறிக்க உதவும். மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டமே பிரிட்ஜ், போக்கர், ரம்மி, நாப் ஆகியவற்றைச் சூதாட்டம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ரம்மி என்றாலே தடை, வழக்கு என்று கேட்டுப் பழகிய தமிழ்நாட்டுக் காதுக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான்.

லேக் மார்க்கெட் பக்கத்துக் குடியிருப்பில் என் தங்கை மகனும் அவன் நண்பர்களும் ஞாயிறு மதியம் ஆடுவது வேறு சீட்டு. ஜப்பானிலிருந்து வந்த யூ-கி-ஓ. இங்கே பொதுவான 52 சீட்டு கிடையாது. அவரவர் கட்டை அவரவர் வீட்டில் கட்டிக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 40, அதிகம் 60. ஒரே சீட்டில் மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. என் கட்டு எந்த விதத்தில் பலவீனமோ, அதே இடத்தில் அடிக்கிற கட்டு எதிரே வந்து உட்கார்ந்தால், கலைப்பதற்கு முன்பே பாதி தோற்றாயிற்று.

அதற்கான பரிகாரம்தான் சைடு டெக். பிரதானக் கட்டுக்கு வெளியே, 15 சீட்டு வரை தனியாக வைத்துக்கொள்ளலாம். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவருக்குப் போட்டி. முதல் ஆட்டத்தில் சைடு டெக்கைத் தொடக் கூடாது. எதிராளி யார், என்ன கட்டு என்று அந்த ஆட்டத்தில் தெரிந்துவிடும். அதன்பின் உள்ளே எத்தனை போகிறதோ அத்தனை வெளியே வர வேண்டும்.

“உள்ள போடுறது யாருக்கும் தெரியும் மாமா. எதை எடுக்கிறதுன்னுதான் தூக்கமே வராது” என்றான் பையன். எனக்கு இந்த ஆட்டத்தில் பாதி புரியாது. புரிந்த பாதியில் இதுதான் சாரம்.

கணக்கு அவன் பக்கம்தான். 40 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டை மூன்று பிரதி வைத்தால், தொடக்கத்தில் கைக்கு வரும் ஐந்தில் அது ஒன்றாவது இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம். மூன்று ஆட்டத்தில் ஒருமுறை. அதை நம்பி யார் உட்காருவது? அதே வேலையைச் செய்யும் இன்னொரு சீட்டையும் மூன்று பிரதி சேர்த்தால் 58 சதவீதம் ஆகும். ஆனால் ஆறு உள்ளே வந்தால் ஆறு வெளியே போக வேண்டும். ஒன்பதை நுழைத்தால் 74 சதவீதம். அதற்குள் கட்டு தன் சொந்த வேலையை மறந்துவிட்டிருக்கும். எதிராளியை முடக்க எல்லாம் கையில் இருக்கும், ஜெயிக்க ஒன்றும் இருக்காது. புதிதாக வருபவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தப் பேராசையில்தான்.

எடுக்க வேண்டியது மோசமான சீட்டாக இருந்தால் பிரச்சினையே இல்லை. மோசமானது கட்டுக்குள் வந்திருக்கவே வந்திருக்காது. ‘ஈவன்லி மேட்ச்டு’ என்று ஒரு சீட்டு. களத்தில் நம்மிடம் ஒன்றும் இல்லாதபோது கையிலிருந்தே அதைப் பிரயோகிக்கலாம். எதிராளி தன் சீட்டுகளை நம் எண்ணிக்கைக்குச் சமமாகும் வரை விலக்கியாக வேண்டும். இரண்டாவதாக ஆடுபவனுக்கு அது வரம். முதலில் ஆடுபவனுக்கு வெறும் அட்டை. சீட்டு அதேதான், கெட்டுப்போகவில்லை; இந்த ஆட்டத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். நல்லதென்று தெரிந்தே ஒன்றை ஓரம் வைக்க ஒரு கல்மனசு வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 1967இல் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றபோது சொன்ன காரணங்கள் நினைவுக்கு வருகின்றன. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைப் பிடித்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில் திறமை வேண்டும். கைக்கு வருவது அதிர்ஷ்டம், கையை விட்டுப் போவது நம் தீர்ப்பு. நீதிபதிகளில் யாரோ ஒருவர் ரம்மியில் நன்றாகக் கை நனைத்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

கொல்கத்தா சீட்டாட்டத்துக்குக் கொண்டுவந்த பெரிய பெருமை பிரிட்ஜில். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் டே சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 56. அந்த ஆட்டத்தில் மாற்றுச் சீட்டு என்பதே இல்லை. ஒரே கைகள் மேசை மேசையாக நகர்ந்து எல்லா இணைகளுக்கும் போகும், அதனால் சீட்டு சரியில்லை என்று புலம்பவும் வழியில்லை. மாற்றக்கூடியது இணையருக்குள் இருக்கும் ஏல உடன்பாடுகள் மட்டும். எதிராளி வழக்கத்துக்கு மாறான ஏலமுறை வைத்திருந்தால் அதற்கு இன்ன பதில் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். மிக அபூர்வமான முறைகளுக்கு எழுதிய குறிப்பையே மேசையில் பார்த்துக்கொள்ள உலகப் போட்டிகளில் அனுமதி உண்டு. சைடு டெக் அங்கே தாளிலும் தலையிலும் இருக்கிறது. யூ-கி-ஓ போலவே அவரவர் கட்டோடு வந்து ஆடும் ‘மேஜிக்’ சீட்டாட்டக்காரர்களும் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே குறிப்பைப் புரட்டலாம்: இன்ன கட்டு எதிரே வந்தால் இவை உள்ளே, இவை வெளியே. எதிராளி சிரிப்பையும் பெருமூச்சையும் பார்த்துக்கொண்டு அந்த நேரத்தில் முடிவெடுப்பதைவிட, வீட்டில் அமைதியாக எழுதிய பட்டியல் பெரும்பாலும் மேல்.

போகிமான் சீட்டில் சைடு டெக் ஏற்பாடே கிடையாது. 60 சீட்டோடு வந்தால் மூன்று ஆட்டத்துக்கும் அதே 60. அதுதான் நேர்மை என்பார் உண்டு. எனக்கு அது பாதி ருசி. முதல் ஆட்டத்தில் தோற்றவன் எழுந்து போகாமல் யோசிக்கிறானே, அந்த இரண்டு நிமிடம் அங்கே இல்லை.

அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு சூதும் நடக்கும், சட்டப்படியான சூது. எத்தனை மாற்றினோம் என்று எதிராளி எண்ணிவிடக் கூடாதே என்று, பையன் 15ஐயும் கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டு, பிறகு 15ஐ உருவி எடுக்கிறான். சில நேரம் போனவையே திரும்பி வந்திருக்கும், ஒன்றுகூட மாறியிருக்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் வங்காளிப் பையனுக்கு அது தெரியாது. கட்டில் இல்லாத ஒரு சீட்டுக்குப் பயந்து, ஆட வேண்டிய தன் சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.