பல்லைக் கடிச்சுக்கிட்டு...

தலைப்பைப் பாத்துட்டு யார் மேலயோ செம கோபத்துல இருக்கேன்னு நினைச்சிடாதீங்க. இது நெசமாவே பல்லைக் கடிக்கிறதைப் பத்தினதுதான். அதுவும் தூக்கத்துல. எனக்கே தெரியாம.

முதல்ல கண்டுபிடிச்சது எங்க அப்பாயி. துறையூர்ல எங்க வீட்டு ஹால்ல கட்டில் அப்பாயிக்கு, பக்கத்துலயே தரையில பாய் எனக்கு. ஒருநாள் காலையில, "ராத்திரி எலி எதையோ கொறிக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன் சாமி. பாத்தா சத்தம் உன் வாயிலேர்ந்து வருது. நறநறன்னு!" அப்படின்னுச்சு. வீடே சிரிச்சது. நானும்தான். அப்பாயி மட்டும் சிரிக்கலை. வயித்துல பூச்சின்னு தீர்ப்பு சொல்லிட்டு, மறுநாள் வேப்பங்கொழுந்தை அரைச்சு உருண்டை பிடிச்சுக் கையில குடுத்துடுச்சு. எம்.எஸ்சி. படிக்கிற பையன் பூச்சி மருந்து சாப்பிட்டேன்னு வெளியில சொல்லிக்க முடியுமா? முழுங்கினேன்.

பூச்சி இருந்துச்சோ இல்லையோ, சத்தம் நிக்கலை.

நான் சிரிச்சதுக்குக் காரணம் ஒண்ணு இருந்தது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியிருந்தே காலையில எந்திரிச்சா ரெண்டு பக்கப் பொட்டும் வலிக்கும். தாடை, ராத்திரி பூரா யாரோ இறுக்கிப் பிடிச்சிருந்த மாதிரி இருக்கும். கொட்டாவி விட்டா வலது காதுக்கு முன்னாடி 'டக்'னு ஒரு சத்தம். பரோட்டாவைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சேன்னா பாத்துக்குங்க! இதுக்கும் அப்பாயி சொன்ன எலிச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை.

நான் நினைச்சது காது வலின்னு. தினமும் துறையூர்லேர்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். ஜன்னலோர சீட்டுன்னா உயிர். காத்து காதுல அடிச்சதால வந்த வலின்னு முடிவு பண்ணி, மெடிக்கல் ஷாப்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டேன். குறையலை. அப்புறம் ஒரு பல் கிளினிக். எக்ஸ்ரே எடுத்துட்டு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டா சரியாயிடும்னாங்க. பிடுங்கப் பயந்துக்கிட்டு ஓடி வந்துட்டேன். வாழ்க்கையில என் பயம் எனக்கு நல்லது பண்ணின ஒரே இடம் அதுதான்.

கடைசியா திருச்சியில ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, "காது சுத்தமா இருக்கு தம்பி. தூக்கத்துல பல்லைக் கடிப்பியா?"ன்னு கேட்டார். அப்பாயி முகம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு.

அவர் அனுப்பின பல் டாக்டர் அம்மா, என் ரெண்டு கன்னத்துலயும் விரலை வச்சு, "கடி"ன்னாங்க. கடிச்சேன். கன்னத்துக்குள்ள ஏதோ கட்டியாப் புடைச்சது எனக்கே தெரிஞ்சது. அப்புறம் ஒரு கண்ணாடியைக் குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. கோரைப்பல்லோட நுனி கூரா இல்லை, அரம் போட்ட மாதிரி தட்டை. கன்னத்துக்கு உள்பக்கம் பல்லு படுற உயரத்துல வெள்ளையா ஒரு கோடு. நாக்கு ஓரத்துல பல்லோட தடம் வரிசையா. இவ்வளவு நாளா என் வாய்க்குள்ள இவ்வளவு நடந்திருக்கு, எனக்குச் சேதியே வரலை!

டாக்டர் சொன்னதும், அப்புறம் நான் தேடிப் படிச்சதும் சேர்த்துச் சொல்றேன். இதுக்குப் பேரு ப்ரக்ஸிசம். பல்லை நறநறக்கிறதுக்கான கிரேக்கச் சொல்லுலேர்ந்து வந்தது. 1907-லயே ரெண்டு பிரெஞ்சு டாக்டர்கள் இதுக்குப் பேரு வச்சு எழுதியிருக்காங்க. பெரியவங்கள்ல பத்துல ஒருத்தருக்கோ, அதுக்குக் கொஞ்சம் குறைவாவோ தூக்கத்துல பல் கடிக்கிற பழக்கம் இருக்கலாம்னு கணக்கு. சின்னப் பிள்ளைங்க கிட்ட இன்னும் அதிகம். பெரும்பாலும் வளர வளரத் தானா குறைஞ்சிடும்.

பூச்சிதான் காரணம்னு உறுதியாச் சொல்ல ஆதாரம் இல்லை. அதுக்காகப் பூச்சி மாத்திரையே வேணாம்னு அர்த்தமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே 2015-லேர்ந்து பிப்ரவரி 10-ஆம் தேதியைக் குடற்புழு நீக்க நாளா வச்சு அல்பெண்டசோல் குடுக்குது. அது ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவுக்காக. பல் கடிக்கிறதுக்காக இல்லை.

அப்ப ஏன்தான் கடிக்கிறோம்? ரொம்ப நாளா, பல்லு வரிசை சரியில்லாததால, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒழுங்காப் பொருந்தாததாலன்னு நினைச்சிருந்தாங்க. அப்படி நினைச்சுப் பல்லை ராவிச் சமமாக்கினதும் உண்டு. இப்ப அந்த எண்ணம் பெரும்பாலும் போயிடுச்சு. தூங்கும்போது நம்ம மூளை அப்பப்ப சில விநாடிக்கு லேசா முழிச்சுக்கும். நமக்குத் தெரியாது. அப்ப முதல்ல இதயத் துடிப்பு கூடும், பின்னாடியே தாடைத் தசை இறுகி இறுகி விடும். அதுதான் நறநற. ஆக இது பல்லுல ஆரம்பிக்கிற விஷயமே இல்லை, தூக்கத்துல ஆரம்பிக்கிறது. மனக் கவலை, காபி, சிகரெட், குடி எல்லாமே இதைக் கூட்டலாம். மன அழுத்தத்துக்குக் குடுக்கிற சில மாத்திரைகளும்தான். (அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, குடுத்த டாக்டர் கிட்ட சொல்லுங்க.) குடும்பத்துலயும் ஓடும்.

காது வலி எப்படின்னா, தாடை மூட்டு இருக்கறது காது ஓட்டைக்கு நேர் முன்னாடி. விரலை அங்க வச்சு வாயைத் திறந்து மூடுங்க, அசையறது தெரியும். பொட்டுல விசிறி மாதிரி விரிஞ்சிருக்கிறதும் கடிக்கிற தசைதான். அதான் தலைவலி. கன்னத்துல இருக்கிற தசை உடம்புலயே பலமான தசைகள்ல ஒண்ணு. சாப்பிடும்போது நடுவுல சோறு இருக்கு. ராத்திரி நடுவுல எதுவும் இல்லை. நெல்லு போடாம ரைஸ் மில்லை ஓட்டினா என்ன ஆகும்? எங்க பஸ் வழியில இருக்கிற மண்ணச்சநல்லூர்ல போய்க் கேளுங்க, சொல்லுவாங்க. மில்லுல தேய்ஞ்சதை மாத்தலாம். தேய்ஞ்ச எனாமல் திரும்ப வளராது.

பல்லுக்கு அச்சு எடுத்து, ராத்திரி மாட்டிக்க ஒரு கவசம் செஞ்சு குடுத்தாங்க. மூவாயிரம் ரூபாய். சின்ன வெங்காயம் போட்ட அந்தப் போகத்துல அப்பா கிட்ட மூவாயிரம் கேட்கிறது சாதாரண விஷயமில்லை. கேட்டேன், குடுத்தார், ஏன்னு கூடக் கேட்கலை. முதல் வாரம் தலையணை எல்லாம் எச்சில். தூக்கத்துல நானே கழட்டிப் போட்டுடுவேன், காலையில பாய்க்கு அடியில தேடணும். அப்பாயி அதைப் பாத்துட்டு, "எனக்குக் கழட்டி வைக்கிற பல்லு, உனக்கு மாட்டிக்கிற பல்லா?"ன்னு கேட்டுச்சு :-)

ஆனா டாக்டர் அம்மா முதல் நாளே ஒண்ணு சொல்லிட்டாங்க. இந்தக் கவசம் பல்லைக் காப்பாத்தும், கடிக்கிறதை நிறுத்தாது. சும்மா சொல்லலை. 2007-ல காக்ரேன் அமைப்பு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பாத்ததுல, கவசம் தூக்கத்துல கடிக்கிறதைக் குணப்படுத்தும்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னுதான் வந்தது. பைக்ல போறவனுக்கு ஹெல்மெட் மாதிரி. தலை தப்பும், விபத்து நிக்காது.

"ராத்திரி கடிக்கிறது உன் கையில இல்லை. பகல்ல கடிக்கிறியா பாரு"ன்னாங்க. பகல்ல நான் எங்க கடிக்கிறேன்? அப்படித்தான் நினைச்சேன்.

அவங்க சொன்ன வைத்தியம் ரொம்ப சிம்பிள். உதடு மூடியிருக்கணும், பல்லு தொடக் கூடாது. 'அவன்'னு சொல்லிப் பாருங்க. கடைசி 'ன்'ல நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குக் கொஞ்சம் பின்னாடி நிக்கும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் விலகியிருக்கும். தாடை ஓய்வா இருக்கிற இடம் அதுதான். சாப்பிடாத, பேசாத நேரத்துல எல்லாம் அப்படி இருக்கணும். இதை ஞாபகப்படுத்த எங்கேயாவது ஒரு அடையாளம் ஒட்டிக்கச் சொன்னாங்க. அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலேர்ந்து எடுத்து செல்போன் பின்னாடி, நோட்டு அட்டையில, அலமாரிக் கண்ணாடியிலன்னு ஒட்டினேன். பொட்டு கண்ணுல பட்டா பல்லு எங்க இருக்குன்னு கவனிக்கணும். அவ்வளவுதான்.

முதல் நாள் கிட்டத்தட்ட இருபது தடவை கவனிச்சேன். இருபது தடவையும் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்! பஸ்ஸுல, கிளாஸுல, செல்போன் பாக்கும்போது, அப்பா போன் வரும்போது... முக்கியமா அப்பா போன் வரும்போது.

அங்கதான் விஷயம் புரிஞ்சது. எனக்கு ஒரு அரியர் இருந்தது. ரியல் அனாலிசிஸ். வீட்ல சொல்லலை. "எல்லாம் பாஸா?"ன்னு அப்பா கேட்டப்ப "ம்"னு சொல்லியிருந்தேன். வாயைத் திறக்காமலே சொல்ற பொய்க்கு 'ம்' ரொம்ப வசதி. அன்னையிலேர்ந்து வாய் திறக்கலை. இந்தத் தாடை வலி ஆரம்பிச்சதும் அந்த ரிசல்ட்டுக்கு அப்புறம்தான். எல்லாத் தாடை வலிக்கும் ஒரு பொய் இருக்குன்னு சொல்லலை. கவலையே இல்லாதவங்களும் கடிப்பாங்க. 2018-ல சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து எழுதினதுல தூக்கத்துல கடிக்கிறது வேற, முழிச்சிருக்கும்போது கடிக்கிறது வேறன்னே பிரிச்சுச் சொல்லியிருக்காங்க. எனக்கு ரெண்டும் இருந்தது. ஒண்ணுக்குக் காரணம் எனக்கே தெரியும்.

நம்ம பேச்சையே பாருங்க. கஷ்டம்னு யார் கிட்ட போய்ச் சொன்னாலும் என்ன பதில் வருது? "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு." அம்மாவே மாசத்துக்கு ஒருதரம் சொல்லும், "பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த ரெண்டு வருஷத்தை ஓட்டிடு சாமி"ன்னு. நல்ல பிள்ளை நான், சொன்னதை அப்படியே செஞ்சிருக்கேன்!

ஒரு ஞாயித்துக்கிழமை வெங்காயம் மூட்டை பிடிக்கும்போது அப்பா கிட்ட சொல்லிட்டேன். திட்டுவார்னு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இதுக்குத்தான் தூக்கத்துல பல்லைக் கடிச்சியா?"ன்னார். "இருக்கலாம்"னேன். வாயைத் திறந்து தன் பல்லைக் காட்டினார். முன்பல்லு எல்லாம் ஒரே மட்டம், பாதிப் பல்லு தேய்ஞ்சு போயிருந்தது. "வெங்காயம் விலை இல்லாம வயல்லயே கிடந்த வருஷத்துலேர்ந்து உங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்கா, நான்தான் நம்பலை"ன்னார். இருபத்திரண்டு வருஷமா அந்த முகத்தைப் பாக்கிறேன். அந்தப் பல்லைப் பாத்ததே இல்லை.

அரியர் அடுத்த செமஸ்டர்ல முடிஞ்சது. வலி அதுக்கு முன்னாடியே பாதி குறைஞ்சிடுச்சு. மொத்தமாப் போயிடுச்சான்னா, இல்லை. பரீட்சை வந்தா திரும்ப எட்டிப் பாக்கும். அப்பாவை இழுத்துக்கிட்டுப் போய்ப் பல்லைக் காட்டினோம். அவருக்கும் ஒரு கவசம் செஞ்சாச்சு. மாட்டுறதுதான் இல்லை.

இதே மாதிரி வலி இருக்கிறவங்களுக்கு, எனக்கு உதவினதைச் சொல்லிடறேன். சாயங்காலத்துக்கு மேல காபி இல்லை. படுக்கிறதுக்கு முன்னாடி வெந்நீர்ல துணியை நனைச்சுப் பிழிஞ்சு ரெண்டு கன்னத்துலயும் பத்து நிமிஷம். வலி இருக்கிற நாள்ல பபிள்கம், கரும்பு, பரோட்டா வேண்டாம். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மணப்பாறை முறுக்கும் வேண்டாம் (இதுதான் ரொம்பக் கஷ்டம்). கொட்டாவி வந்தா நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வச்சுக்கிட்டு விடுங்க, வாய் அளவுக்கு மேல திறக்காது. வாய் திறக்க முடியாமப் பூட்டிக்கிட்டாலோ, பல்லு கூசினாலோ, ஆடினாலோ தள்ளிப் போடாதீங்க. குறட்டை பலமா இருந்து, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு பக்கத்துல படுத்தவங்க சொன்னா, அதையும் டாக்டர் கிட்ட சொல்லுங்க. காசுக்கு யோசிக்கிறவங்களுக்கு, திருச்சி பெரியாஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு. 2023-ல புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துடுச்சு. யாராவது எடுத்த எடுப்புலயே பல்லைப் பிடுங்கணும்னா, இன்னொரு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அப்புறம், உங்க வீட்ல யாராவது ராத்திரி நறநறன்னா சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. பகல்ல கூப்பிட்டு உக்கார வச்சு, என்ன ஆச்சுன்னு ஒருதரம் கேளுங்க. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

அப்பாயி இன்னமும் தினமும் காலையில கணக்கு சொல்லிடுது. வாரத்துல அஞ்சு நாள் எலி வரலையாம். ரெண்டு நாள் வருதாம்.