டெய்சி என்று கூப்பிடுவது யார்?

ஆங்கில நாவலில் டெய்சி வந்தால் எங்கள் பிள்ளைகள் ‘அப்பாவித்தனத்தின் குறியீடு’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ரியூசன் குறிப்புகள் அப்படிப் பழக்கிவிட்டன. திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு இலக்கியம் படிப்பிக்கும் நான் அந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிடுவேன்.

முதலில் செடி. பூக்கடை ஜெர்பராவை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு டிக்கன்ஸ் விளங்காது. இங்கிலாந்தின் டெய்சி புற்தரையில் தானாக முளைப்பது. மிதிபட்டாலும் மறுபடி பூப்பது. பொழுதுபட இதழ் மூடுவது. எங்கள் வெக்கைக்கு அது சரிவராது. அதே குடும்பத்து மூக்குத்திப் பூண்டு வேலியோரமெல்லாம் கேட்பாரற்று நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுப்பேன்.

பிறகு கேள்வி: யார், யாரை அப்படிக் கூப்பிடுகிறார்கள்? 1850இல் நூலான டிக்கன்ஸின் ‘டேவிட் கொப்பர்ஃபீல்ட்’டில் ஸ்டியர்ஃபோர்த் தன் நண்பன் டேவிட்டை, ஓர் இளைஞனை, டெய்சி என்று கூப்பிடுகிறான். டேவிட்டுக்கு அது பிடித்தும் இருக்கிறது. உன்னைச் சூதுவாது தெரியாத பொடியன் என்று நினைத்தா அப்படிச் சொல்கிறான் என்று ஸ்டியர்ஃபோர்த் வீட்டு ரோசா டார்ட்டில் டேவிட்டைத் துருவுகிறாள். எனக்கு அந்த நாவலின் மிகக் கூர்மையான கேள்வி அதுதான். செல்லத்துக்குள்ளே ஓர் இளக்காரம் இருக்கிறது. கரையேற்றிய படகையே வீடாக்கி வாழும் மீன்பிடிக் குடும்பத்துக்கு டேவிட் ஸ்டியர்ஃபோர்த்தை நம்பிக் கூட்டிப்போகிறான். அந்த வீட்டு எமிலியைத்தான் அவன் கொண்டோடுகிறான். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹென்றி ஜேம்ஸின் ‘டெய்சி மில்லர்’ 1878இல் வந்தது. அவளுடைய சொந்தப் பெயர் ஆனி என்று தம்பி போட்டுக்கொடுக்கிறான். இரவில் கொலோசியத்துக்குப் போனவள் மலேரியாவில் சாகிறாள். அந்தக் காய்ச்சலில் நுளம்பின் பங்கை ரொனால்ட் ரோஸ் கண்டது பிறகு, 1897இல்தான். இலங்கை மலேரியா அற்ற நாடென்று சான்று பெற்றது 2016இல். பாட்டிமார் சொன்ன குளிர்காய்ச்சல் கதைகளோடு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாவு அந்நியமில்லை. அவளுடைய புதைகுழியைச் சுற்றி ஏப்ரல் டெய்சிகள். அவளை எடைபோட்டே காலம் கடத்திய வின்டர்போர்ன் அங்கே நிற்கிறான். அந்தப் பூவை யாரும் யாருக்கும் பெயராகச் சூட்டவில்லை.

அந்தப் பக்கத்தை எங்கள் எஸ்பிளனேட் மயானத்தில் வைத்து வாசிப்பது என் வழக்கம். ஜேன் ஆஸ்டினின் தம்பி, 1852இல் பர்மாவில் கடற்படைப் பணியின்போது இறந்த சார்ள்ஸ் ஆஸ்டின், அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

இலக்கியம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, குறியீட்டுப் பட்டியலைப் பிறகு கொடுங்கள். அந்தப் பெயரைச் சொல்லும் வாய் யாருடையது என்று பிள்ளைகளை முதலில் கேட்க விடுங்கள்.