நல்ல தண்ணி வரும் வழி

ஊர்ப்பெருமை பேச திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்க் கல்லூரி விடுதியில் பெட்டியை வைத்த அன்றே ஆரம்பித்துவிடுவோம். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கட்டிய மலைக்கோட்டை எங்களுடையது. ஹைதர் அலி மைசூரை ஆளும் முன்பே 1755-ல் படையோடு வந்து தங்கிய ஊர் எங்களுடையது. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த சீமை இது. வெள்ளையரை எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கர் தூக்கில் தொங்கிய மண்ணும் இதுதான். கையால் ராவிச் செய்த எங்கள் மாங்காய்ப் பூட்டுக்கு அதன் சாவியைத் தவிர வேறு சாவி சேராது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பிரியாணிக்கு வருவோம்.

பிரியாணியில்தான் எனக்கு ஆத்தூர் தொடங்கியது. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய சாப்பாட்டுக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையின் பெயரோடு இன்று பல நாடுகளுக்குப் போய்விட்டது. அதே சீரகச் சம்பா, அதே மசாலா, அதே அளவு ஆட்டுக்கறி வைத்துச் சமைத்தாலும் வெளியூரில் அந்த ருசி வருவதில்லை என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளைகூடச் சொல்லும். ஏன் என்று கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்: "அது ஆத்தூர் டேம் தண்ணி." கறியைப் பற்றியோ அரிசியைப் பற்றியோ கருத்து வேறுபாடு வரலாம். தண்ணீரைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு கருத்து இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று போர் தண்ணி. துணிக்கும் பாத்திரத்துக்கும் அதுதான். அதில் சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். இன்னொன்று நல்ல தண்ணி. மாநகராட்சி அதைச் சில நாட்களுக்கு ஒருமுறை விடும். தெருவில் "நல்ல தண்ணி வந்துருச்சு" என்று ஒரு குரல் கேட்டதும் அம்மா குக்கரைக்கூட இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். டிரம், குடம், தவலை, கடைசியில் டிபன் பாக்ஸ் வரைக்கும் நிரப்பிய பிறகே அடுப்புக்குத் திரும்புவார். வைகைப் பேரணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் ஊருக்குத் தண்ணீர் வருகிறது. இருந்தாலும் எங்கள் பாட்டிக்கு நல்ல தண்ணி என்றால் அது ஆத்தூரிலிருந்து வருவது மட்டும்தான். காபி போட்டுக் குடித்துவிட்டு, "இது பேரணைத் தண்ணி" என்று கண்டுபிடித்துவிடுவார்.

போர் தண்ணி ஏன் உப்பாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டைப் போலவே தோலும் எங்கள் ஊருக்குச் சோறு போட்ட தொழில். பேகம்பூரைத் தாண்டினால் மதுரை ரோட்டிலும் வத்தலக்குண்டு ரோட்டிலும் வரிசையாகத் தோல் ஷாப்கள். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிட வேண்டும். பதனிட முன்பு ஆவாரம்பட்டை, பிறகு குரோமியம். அந்த உப்பும் ரசாயனமும் கலந்த கழிவு பல பத்தாண்டுகளாக நிலத்தில் இறங்கியது. சுற்றுக் கிராமங்களின் கிணறுகள் வாய் வைக்க முடியாதபடி ஆயின. பொன்னிமாந்துறை போன்ற ஊர்களின் பெயர் நிலத்தடி நீர் ஆய்வுக் கட்டுரைகளில் வந்தது இப்படித்தான். எத்தனையோ குடும்பங்களைப் படிக்கவைத்துக் கரையேற்றிய தொழில் அது. என் பள்ளித் தோழிகள் பலரின் அப்பாக்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். அதன் விலையைக் கொடுத்தது எங்கள் நிலத்தடி நீர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஊரைப் பற்றிச் சொன்னதாகும். நல்ல தண்ணிக்கு நாங்கள் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்கே அந்த மலையடிக்கே ஒரு தடவை போய்விட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். எங்கள் பேருந்து நிலையத்துக்கும் காமராஜர் பெயர்தான், ஆத்தூர் அணைக்கும் அவர் பெயர்தான். வத்தலக்குண்டு வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முன் சீட்டில் காலியான பூக்கூடைகளோடு இரண்டு பெண்கள். விடியும் முன்பே மல்லிகையைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். கூடை காலி, வாசம் மட்டும் போகவில்லை. தோல் ஷாப் நெடியும் அந்த மல்லிகை வாசமும் ஒரே ஜன்னலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இருபது கிலோமீட்டர் அளவில் செம்பட்டி. நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் என நாலு பக்கமும் வண்டி பிரியும் நாற்சந்தி. தைப்பூசத்துக்குத் தெற்கத்திக் கூட்டம் பச்சை வேட்டியும் சேலையுமாகப் பழனிக்கு நடக்கும்போது இந்த ரோட்டில் விடிய விடிய ஆள் நடமாட்டம் இருக்கும்.

செம்பட்டியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் ஆத்தூர். தமிழ்நாட்டில் ஆத்தூர் என்றாலே சேலம் பக்கத்து ஆத்தூரைத்தான் நினைப்பார்கள். வெற்றிலைக்குப் பேர்போன தூத்துக்குடி ஆத்தூரும் இருக்கிறது. எங்கள் ஆத்தூருக்குத் தனித் தாலுகாவும் சட்டமன்றத் தொகுதியும் உண்டு. ஆனால் கூகுளில் தேடினால் சேலம்தான் முதலில் வந்து நிற்கும். ஒரு மாநகராட்சிக்கே தாகம் தீர்க்கும் ஊருக்கு இது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைவீதியில் வடை போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் டேமுக்கு வழி கேட்டேன்.

"இந்நேரத்துக்கு மினி பஸ் இல்லியே பாப்பா. ஆட்டோ வரும், நில்லு. எந்த ஊரு?"

"திண்டுக்கல்லுக்கா. டேம்ல தண்ணி கெடக்கா?"

"கெடக்கு, கெடக்கு. போன வாரம் பன்றிமலைப் பக்கம் நல்ல மழை. அங்கிட்டு பெஞ்சாத்தான் இங்கிட்டு வரும். இங்க பெய்யிற மழை தெருவ நனைக்கத்தான் காணும்." வடையைத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப நீ நம்ம ஊர்த் தண்ணி குடிச்சு வளந்த பிள்ளை."

அவர் அதை உரிமையோடு சொன்னார். என் ஊர்ப்பெருமைப் பட்டியல் முழுவதும் அந்த ஒரு வரியில் இடம் மாறி உட்கார்ந்தது. பூட்டு செய்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், கோட்டையில் காவல் நின்றவர்கள், பிரியாணி கிண்டியவர்கள் எல்லாரையும் நாங்கள் கொண்டாடுகிறோம். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஊரைத் தாண்டியதும் வயலும் தென்னந்தோப்பும். தோப்புக்கு மேலே கீழ்ப்பழனி மலைத்தொடர் சட்டென்று சுவராக எழும்புகிறது. ஆட்டோக்காரத் தம்பி கைகாட்டிக் காட்டினார்: அந்த மடிப்பில் ஆடலூர், அதற்கு இந்தப் பக்கம் பன்றிமலை, பின்னால் மணலூர். காபியும் மிளகும் விளைகிற ஊர்கள். ஒரு காலத்தில் மலை வாழைக்கும் பேர்போன மலை. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்த மலைச்சரிவுகளில் விழும் மழை ஓடை ஓடையாக இறங்கி வந்து சேரும் இடத்தில் காமராஜர் அணையைக் கட்டியிருக்கிறார்கள்.

அணை என்றதும் மேட்டூரையோ வைகையையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். முழு நீர்மட்டமே 23.5 அடிதான். கரைமேல் ஏறி நின்றால் மூன்று பக்கமும் மலை, நடுவே விரிந்த நீர். பெரிய ஏரி போலத்தான் தெரிகிறது. இந்த 23.5 என்ற எண் திண்டுக்கல்லில் எல்லாருக்கும் மனப்பாடம். ஐப்பசி, கார்த்திகையில் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் அணை எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் அப்பா மற்ற செய்திக்குப் போவார். மறுகால் பாய்ந்தால் அடுத்த கோடைக்குக் கவலை இல்லை. பத்தடிக்குக் கீழே போனால் தண்ணீர் விடும் இடைவெளி கூடும், தெருக்குழாயில் சண்டை கூடும். அந்த எண்ணுக்குரிய தண்ணீரை நேரில் பார்த்தபோது எனக்கு ஒரே நெகிழ்ச்சி. ஓரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒருவர் பரிசலைத் தோளில் கவிழ்த்தபடி கரையேறினார். வலையில் ஜிலேபிக் கெண்டை.

"படத்துல வர்ற மாதிரி இருக்குன்னு போட்டோ எடுக்க வருவாங்க. பாட்டிலைப் போட்டுட்டுப் போவாங்க. நீ எதும் போடாத" என்றார்.

"போட மாட்டேங்கய்யா. நாங்க குடிக்கிற தண்ணி."

"அதத்தான் சொல்றேன்" என்றபடி மீனை வாளியில் கொட்டினார்.

கரையெங்கும் கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் கோப்பையும் கிடந்தன. திண்டுக்கல்லிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களின் வேலைதான் பெரும்பாலும். கோட்டைச் சுவரில் யாராவது பெயரைக் கிறுக்கினால் கொதிக்கிற நாம், நம் குடிநீர்க் கரையில் புட்டியை உடைக்கிறோம். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தண்ணீர் திண்டுக்கல்லுக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கே பிறக்கும் ஆறு குடகனாறு. ஆத்தூரைக் கடந்து, திண்டுக்கல்லை ஒட்டி, வேடசந்தூர்ப் பக்கம் போய், நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. அணைக்குக் கீழே நரசிங்கபுரத்தில் ராஜவாய்க்கால் பிரிகிறது. புல்வெட்டிக் கண்மாய், கருங்குளம் என்று ஆத்தூர், சித்தையன்கோட்டைப் பக்கத்துக் குளங்களெல்லாம் அந்த வாய்க்காலை நம்பியவை. ஆற்றில் தண்ணீர் விடுங்கள் என்று அனுமந்தராயன்கோட்டை, பொன்னிமாந்துறை தொடங்கி வேடசந்தூர் வரைக்கும் கீழ்ப்பகுதி விவசாயிகள் கேட்கிறார்கள். வாய்க்கால்தான் எங்கள் பழைய பாத்தியதை என்று மேல்பகுதிக்காரர்கள் சொல்கிறார்கள். சாலை மறியல், கடையடைப்பு என்று வளர்ந்து, அரசு வல்லுநர் குழு அமைக்கும் அளவுக்குப் போன பிரச்சினை இது. வாய்க்கால் கரையில் நாற்று சுமந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: "கீழ இருக்கறவனும் நம்மள மாதிரி சம்சாரிதான் தாயி. அவனுக்கும் வேணும். மழை ரெண்டு பேருக்கும் சேத்துப் பெய்யணும்." இரண்டு பக்கத்தாரும் தங்கள் வயலுக்காகக் கேட்கிறார்கள். குழாயில் வாங்கிக் குடித்துவிட்டு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் மட்டும் இந்தப் பேச்சிலேயே கலந்துகொள்வதில்லை. நடுவில் தோல் கழிவை ஆற்றுப்படுகையில் விட்டதும் எங்கள் ஊர்தான். பொன்னிமாந்துறைக்கு மேலேயிருந்தும் தண்ணீர் வரவில்லை, நிலத்தடியிலும் மிஞ்சவில்லை. அந்த ஊரார் ஆற்றில் தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்காரும்போது, பஸ் நின்றுவிட்டதே என்று சலித்துக்கொள்ளும் உரிமை திண்டுக்கல்காரியான எனக்கு இல்லை.

இந்த ஆற்றைத் தலை முதல் கால் வரை அறிந்த ஒருவர் எங்களுக்கு அரசியலில் இருந்தார். டாக்டர் டி.எஸ். சௌந்தரம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தவர். 1947-ல் இருவரும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-ல் எழுந்த கிராமியக் கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அவர் 1952-ல் சட்டமன்றத்துக்குப் போனது ஆத்தூர் தொகுதியிலிருந்து. 1957-ல் வேடசந்தூர். 1962-ல் நாடாளுமன்றத்துக்குத் திண்டுக்கல். வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: மூன்றும் குடகனாற்றங்கரைதான். மலைக்கோட்டையில் ஏறும் எங்கள் பிள்ளைகளுக்கு ஹைதர் அலியைத் தெரியும், இவரைத் தெரிவதில்லை. எனக்கும் கல்லூரி முடித்த பிறகே தெரிந்தது.

அணையிலிருந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா கடையில் வடை தீர்ந்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டதும் பானையிலிருந்து செம்பில் மொண்டு தந்தார். எங்கள் வீட்டுக்கு இதே தண்ணீர் எத்தனையோ கிலோமீட்டர் குழாயில் வந்து, குளோரின் மணத்தோடு சேரும். இங்கே அந்த மணம் இல்லை. பாட்டி சொல்கிற ருசி இதுதான் என்று இரண்டாவது செம்பும் வாங்கிக் குடித்தேன். காசு நீட்டியபோது, "தண்ணிக்கா?" என்று கையைத் தட்டிவிட்டார்.

இப்போது சென்னையிலிருந்து தோழிகள் வந்தால் நான் கூட்டிப்போகும் வழி மாறிவிட்டது. கோட்டை உண்டு, மதியம் பிரியாணியும் உண்டு. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் நனைத்துக் காயப்போடும் முற்றங்களையும் காட்டுவேன். அதற்கும் தண்ணீர்தான் மூலதனம். இவற்றுக்கெல்லாம் முன்னால், காலையில், வத்தலக்குண்டு வண்டி. நீங்களும் வருவதென்றால் கார்த்திகையில் வாருங்கள், வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு. செம்பட்டியில் இறங்கி ஆத்தூர் வண்டி பிடிக்க வேண்டும். கையில் ஒரு காலிப் பை இருக்கட்டும். கரையில் கிடக்கும் புட்டிகளில் சிலவற்றையாவது திண்டுக்கல்லுக்கே திருப்பி எடுத்துவரலாம்.